கோபித்துக்கொண்டவரை அழைத்து வரும் கட்டணம்

"விதி நான்கு, உட்பிரிவு இரண்டு: விழா இடத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு வெளியேறிய உறவினரை வாத்தியத்துடன் சென்று அழைத்து வருவது அடிப்படைக் கட்டணத்தில் அடங்காத தனிப் பணியாகும். விழா நடத்துபவரின் ஒப்புதலும் முழுக் கட்டணமும் பேண்ட் செட் புறப்படும் முன்பே பெறப்பட வேண்டும்."

இந்த விதியை எழுதியவன் நான். பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுதியது. பணிக்காலத்தில் நான் எழுதிய அலுவலகக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை யாரும் படித்ததில்லை. இதைப் படித்தார்கள். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை, கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளில் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில் என்.சி.சி. பேண்டில் கிளாரினெட் வாசித்தவன் நான். அதன்பின் வேலை, துறைத் தேர்வு, பதவி உயர்வு என்று வாத்தியம் பரண் ஏறிவிட்டது. ஓய்வு பெற்ற மறுவாரம் அதைக் கீழே இறக்கி, தினமும் காலையில் வாசிக்கத் தொடங்கினேன். சில நாள் பொறுத்துப் பார்த்த என் மனைவி, "இத வெளிய போயி வாசிச்சா காசாச்சும் குடுப்பாக" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, உத்தமபாளையத்தில் இருந்த ஒரு பேண்ட் செட்டில் போய்ச் சேர்ந்தேன்.

செட்டின் தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். டிரம்பெட் வாசிப்பார். எங்கள் எல்லை கல்யாண மண்டபத்தின் வாசல்படி வரைதான். படிக்கு அந்தப்பக்கம் நாதஸ்வரக்காரர்களின் ஆட்சி. இந்த எல்லைப் பிரிவினை எங்கும் எழுதப்படவில்லை என்றாலும், நான் பணியாற்றிய துறைகளில் எழுதி வைத்த எல்லைகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. எனக்கு ஒரு சிவப்புக் கோட்டு கொடுத்தார்கள். எனக்கு முன் கிளாரினெட் வாசித்தவர் பருத்த உடம்புக்காரர். ஆகவே என்னோடு இன்னொரு ஆளும் அதற்குள் வந்து நிற்கலாம் போல இருந்தது.

மாஸ்டரின் கட்டண முறை எளிமையானது. மாப்பிள்ளை அழைப்புக்கும் சீர் ஊர்வலத்துக்கும் சேர்த்து ஒரு தொகை. அதற்கு மேல் என்ன செய்தாலும் "பாத்துக் குடுங்க." முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளைப் பார்த்த எனக்கு அந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே உடம்பு கூசும். கொடுக்கிறவர் நம்மை நன்றாகத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

கூடுதல் வேலைகளோ நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. சின்னமனூரில் ஒரு மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். வரவேற்பு இசையை முழுதாக வாசித்து முடித்தோம். வீடியோக்காரர் வந்து, டிரோன் மேலே ஏறவில்லை, இன்னொரு தடவை இறங்கச் சொல்லுங்கள் என்றார். இறங்கினார். வாசித்தோம். இந்தத் தடவை டிரோன் ஏறியது, வேப்பமரத்தில். நான்காம் முறை இறங்கியபோது மாப்பிள்ளையின் முகத்தில் பத்து வருடம் குடும்பம் நடத்தியவரின் களைப்பு வந்துவிட்டது. நான்கு வரவேற்புக்கும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு ஒரு ரோஸ்மில்க்.

மகுடி இன்னொரு வகை. ஊர்வலத்தில் மகுடி மெட்டை எடுத்தால் மாப்பிள்ளையின் நண்பர்கள் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு தார்ச்சாலையில் படுத்துவிடுவார்கள். எல்லாரும் பாம்பு. கடைசிப் பாம்பு எழுந்திருக்கும் வரை வாசிப்பை நிறுத்த முடியாது. நிறுத்தினால் பாம்புகள் எழுந்து வந்து சட்டையைப் பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே நின்றது கோபித்துக்கொண்டவரை அழைத்து வரும் வேலை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போவார். சந்தனக் கிண்ணத்தை நீட்டவில்லை, பத்திரிகை வைக்கும்போது வெற்றிலை பாக்கு வைக்கவில்லை, முதல் பந்தியில் கூப்பிடவில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். போனவர் வெகுதூரம் போகமாட்டார். பேண்டுச் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்காவது உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்கள் வந்து மாஸ்டரின் காதில் சொல்வார்கள். நாங்கள் வாசித்துக்கொண்டே போய், அவரைச் சுற்றி நின்று ஒரு பாட்டு வாசித்து, நடுவில் நடக்கவிட்டு அழைத்து வருவோம். இழந்த மரியாதை பேண்டோடு திரும்பிவிடும். எங்களுக்கு மட்டும் எதுவும் திரும்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டில் செட் முழுவதையும் உட்காரவைத்து, நான் தயாரித்திருந்த கட்டண விதிகளைப் படித்தேன். டிரோனுக்காகத் திரும்ப வாசித்தல், ஒவ்வொரு முறைக்கும் இருநூறு ரூபாய். மகுடி, பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டணம், பாம்புகளுக்கு ஏற்படும் சிராய்ப்புக்குச் செட் பொறுப்பல்ல. கோபித்துக்கொண்டவரை அழைத்து வருதல், தூரத்தைப் பொறுத்து. மண்டப வளாகத்துக்குள் என்றால் ஐந்நூறு. பேருந்து நிறுத்தம் வரை ஆயிரம். பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆயிரத்து ஐந்நூறு. பேருந்து கிளம்பிவிட்டால் பணி ஏற்கப்படாது.

பெரிய டிரம் அடிப்பவர் கையைத் தூக்கினார். "சார், நம்ம போயி வாசிச்சும் அவுக வரலன்னா?"

"கட்டணம் திருப்பித் தரப்படாது."

"வாசல் வரைக்கும் வந்துட்டு மறுபடி திரும்பிப் போயிட்டாகன்னா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அப்படி நடந்தால் வேலை முடிந்ததா, முடியவில்லையா என்று சண்டை வரும். அன்று அங்கேயே ஒரு துணை விதி சேர்த்தேன். அழைத்து வரப்பட்டவர் கோபம் தீர்ந்தது என்று எழுத்தில் தெரிவித்தால் பணி முடிந்ததாகக் கொள்ளப்படும்.

"கோவம் தீந்துச்சுன்னு எவன் சார் எழுதிக் குடுப்பான்?" என்றார் மாஸ்டர்.

"கேட்டால் கொடுப்பார்கள்."

"கேட்டா மறுபடி கோவம் வரும் சார்."

அது சிறுபான்மைக் கருத்தாகப் பதிவு செய்யப்பட்டது. விதிகளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, முன்பணம் கொடுக்க வருகிறவர்களிடம் காட்டத் தொடங்கினோம்.

மக்கள் அதைப் புரிந்துகொண்ட விதத்தை எந்த அலுவலகக் கையேடும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. கூடலூரிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பேச வந்தார். அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எங்க வீட்ல கண்டிப்பா ரெண்டு பேரு கோவிப்பாக. ஒருத்தரு எங்க பெரியப்பா மகன், இன்னொருத்தரு சின்னச் சம்பந்தி. ரெண்டையும் சேத்துப் பேசி முடிச்சா எம்புட்டுக் கொறைப்பீக?"

"கோபத்துக்கு மொத்த விலை கிடையாது" என்றேன்.

"ஒரே எடத்துல ஒக்காரச் சொல்றேன் சார். ஒரு தடவ வந்தாப் போதும்."

பேருந்து நிறுத்தக் கணக்கில் இரண்டாயிரம் வர வேண்டியதை மாஸ்டர் ஆயிரத்து இருநூறுக்கு முடித்துக்கொண்டார். கல்யாண நாளில் சின்னச் சம்பந்தி மட்டும் கோபித்துக்கொண்டு வெளியே போனார். பெரியப்பா மகன் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிந்ததும் தோட்டக்காரர் பாதிப் பணத்தைத் திரும்பக் கேட்டார். திருப்பித் தர விதியில் இடமில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பந்திக்குள் போனார். பெரியப்பா மகனின் காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் இலையை மடித்து, கையைக் கழுவி, ஏப்பம் விட்டபடி வெளியே வந்து, எங்களைப் பார்த்து "எங்கன போயி ஒக்காரணும்?" என்று கேட்டார். புளியமரத்தடியைக் காட்டினோம். போய் உட்கார்ந்தார். அழைத்து வந்தோம். கட்டிய பணம் வீணாகவில்லை என்று எல்லாருக்கும் திருப்தி.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், தை மாதம் என் தங்கை மகளுக்குக் கம்பத்தில் கல்யாணம் வந்தபோது, விதி நான்கு அங்கே தேவைப்படும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் மூன்று பேர். நான், எனக்கடுத்துத் தங்கை, கடைசியாகத் தம்பி. தம்பி லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைக்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள். மூத்த தாய்மாமன் நான். ஆனால் அன்று வாசலில் செட்டோடு நிற்க வேண்டியவனும் நான். ஒரே நேரத்தில் படிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்க முடியாது என்பதால், மாலை போடும் பொறுப்பைத் தம்பியிடம் ஒப்படைத்திருந்தேன். அவனும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டு புதுச்சட்டை எடுத்திருந்தான்.

செட்டுக்கு முன்பணம் கொடுத்த அன்று தங்கை கணவரிடம் அட்டையைக் காட்டினேன். சொந்தத்துக்கு அடிப்படைக் கட்டணத்தில்தான் சலுகை, கூடுதல் பணிகளுக்கு இல்லை என்றும் சொன்னேன்.

"நம்ம வீட்ல யாரு மச்சான் கோவிக்கப் போறாக?" என்று அவர் சிரித்தார்.

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். சுற்றிலும் வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள். தம்பியின் படத்தைத் தங்கை கணவர் வாட்ஸ்அப்பில் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். அது அவனுடைய பணி நிறைவு விழாவில் எடுத்தது. கழுத்தில் ரோஜா மாலை. மற்ற எல்லாரும் வெறுங்கழுத்தோடு இருக்க, இவன் ஒருவன் மட்டும் மாலையோடு, மெல்லிய சிரிப்போடு, பிளெக்ஸ்காரர் அழகுக்காகப் பின்னால் போட்ட ஒளிவட்டத்தோடு இருந்தான். தமிழ்நாட்டில் எந்தச் சுவரில் இப்படி ஒரு படம் இருந்தாலும் அதன் பொருள் ஒன்றுதான்.

தம்பி அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, போடியிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். ஓய்வு பெற்ற பிறகு தம்பி மீசையை எடுத்திருந்தான், தலைக்கு மை பூசுவதையும் விட்டிருந்தான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பத்தடி தள்ளி கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் கேட்டது.

"அடப் பாவமே. இவுக எப்பத் தவறுனாக? எங்களுக்கு ஒரு தகவலே இல்லையே."

"யாரு?" என்றான் தம்பி.

"இந்தா, மாலையோட இருக்காகள்ல, லோயர் கேம்ப்புல கரண்டு வேல பாத்தாகளே. நல்ல மனுசன். கையிலருந்து காசுதான் வெளிய வராது. ம், போகும்போது என்னத்தக் கொண்டு போனாரு."

தம்பி அவரை ஒரு முறை பார்த்தான். பிளெக்ஸை ஒரு முறை பார்த்தான். பிறகு பெண்ணுக்குப் போட வேண்டிய மாலைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லோயர் கேம்ப் சாலையில் நடக்க ஆரம்பித்தான்.

சற்று நேரத்தில் தங்கை பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியபடி வாசலுக்கு வந்தாள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதரை தாண்டியிருந்தது.

"அண்ணே, அவன் எங்க?"

"சாலையில் போகிறான்."

"நீ இங்கன நின்னு என்ன பண்ற? போயிக் கூட்டியா. அவன் மால போடாம எம் மக மணையில ஒக்கார மாட்டா. அவன் சாப்புடாமப் போனான்னா எனக்கு இது கல்யாணமே இல்ல."

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். செட் முழுவதும் பார்த்தது. விழா நடத்துபவரின் ஒப்புதல் வேண்டும். பத்திரிகையில் தங்கை கணவர் பெயர்தான் இருக்கிறது. அவரோ உள்ளே ஐயர் முன்னால் கையில் தர்ப்பையோடு உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க முடியாது. இதைத் தங்கையிடம் விளக்கத் தொடங்கினேன்.

"பெத்தவ நான் சொல்றேன், பத்தாதா ஒனக்கு?"

"ஒப்புதல் தரும் அதிகாரம்..."

"அண்ணே, நீ ஊதுறியா, இல்ல அதக் குடு, நான் ஊதிக்கிட்டுப் போறேன்."

ஒப்புதல் பெறப்பட்டதாகவும் கட்டணம் பிறகு பெறப்படும் எனவும் கொண்டு செட் புறப்பட்டது.

தம்பி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லோயர் கேம்ப் வழியாகக் குமுளி போகிற பேருந்து ஒன்று வந்து நின்றிருந்தது. சிவப்புக் கோட்டுகள் வாசித்துக்கொண்டு வருவதைக் கண்டதும் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எங்கள் பக்கத்தில் பேண்ட் செட் கல்யாணத்துக்கும் வரும், சாவுக்கும் வரும். ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்தே, "யாருய்யா எறந்தது?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றான் தம்பி.

நாங்கள் அவனைச் சுற்றி நின்று ஒரு பாட்டை முழுதாக வாசித்தோம். முடியும் வரை டீயை ஊதி ஊதிக் குடித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, ஒன்னு கேக்குறேன். நீ பேண்டுக்காரனா வந்தியா, அண்ணனா வந்தியா?"

"ரெண்டுமாத்தான் வந்திருக்கேன். எந்திரி, நேரமாச்சு."

"அப்ப ரெண்டு பேரும் தனித்தனியாக் கூப்புடுங்க."

அலுவலகத்தில் ஒருவர் இரண்டு இருக்கைகளின் பொறுப்பை வகிப்பதுண்டு. ஓர் இருக்கையில் உட்கார்ந்து கடிதம் எழுதி, அடுத்த இருக்கைக்கு நகர்ந்து அதைப் பெற்றுக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகவே அவன் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிந்தது. பேண்டுக்காரனாகக் குனிந்து, "மண்டபத்துக்கு வாங்க" என்று மரியாதையோடு அழைத்தேன். பிறகு கிளாரினெட்டை சைடு டிரம்காரரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். உள்ளே பனியன்தான். சிவப்புக் கரை போட்ட வெள்ளைக் கால்சட்டையும் பனியனுமாக, பேருந்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணனாக நின்றேன்.

"ஏலே, வாடா. ஒங்கக்கா வாசல்ல தவிச்சுக்கிட்டு நிக்கிறா."

"செத்தவனக்கூட நாலு பேரு நல்லவன்னுதான் சொல்லுவாக. என்னையச் சாகடிச்சதுமில்லாம, காசு வெளிய வராதுங்குறாக. நான் பென்சன் வாங்குறவன்ணே. வருசாவருசம் உயிரோட இருக்கேன்னு போயி மூஞ்சியக் காட்டிட்டு வாரேன். இந்தப் பிளெக்ஸ எவனாச்சும் போட்டோ எடுத்து அனுப்புனா?"

"அப்படியெல்லாம் நிறுத்த முடியாது. இறப்புச் சான்று இல்லாமல் ஓய்வூதியத்தை நிறுத்தினால் நான் மேல்முறையீடு எழுதித் தருகிறேன்."

அண்ணன் சொல்ல வேண்டியது இதுவல்ல என்பது மாஸ்டரின் முகத்தில் தெரிந்தது. ஆனால் தம்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். மேல்முறையீடு அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தபடி அவனை நடுவில் நடத்தி அழைத்து வந்தோம்.

மண்டப வாசலில், பிளெக்ஸுக்கு நேர் முன்னால் அவன் நின்றுவிட்டான். "இத வெச்சுக்கிட்டு எப்பிடி உள்ள வர?" என்றான்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. பிளெக்ஸை இறக்கலாம் என்றால் மேலே மாப்பிள்ளை வீட்டாரின் படங்களும் இருந்தன. ஒரு கோபத்தை இறக்கப் போய் ஐந்தாறு கோபங்களை ஏற்ற வேண்டி வரும். நான் வழிமுறைகளை யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை சமையல்கட்டுக்குப் போய், வாழை இலை நறுக்குகிற கத்தியோடு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தம்பியின் படத்தை மட்டும் மாலையும் ஒளிவட்டமுமாக வட்டமாக அறுத்து எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப எங்க இருக்கு மால? வா."

தம்பி ஓட்டையைப் பார்த்தான். அதன் வழியாக அந்தப்பக்கம் நின்ற ஐஸ்கிரீம் வண்டி தெரிந்தது.

"செத்தவனா இருந்தேன். இப்பப் பொறக்கவே இல்லன்னு ஆக்கிட்டியேக்கா."

தங்கை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. நாங்கள் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நின்றோம். இந்த நிலைக்கென்று எங்களிடம் பாட்டும் இல்லை, கட்டணமும் இல்லை.

அப்போது மணப்பெண்ணே வெளியே வந்துவிட்டாள். முழு அலங்காரத்தோடு, இரண்டு பெண்கள் பின்னால் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடிவர வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், நடந்ததைப் புரிந்துகொண்டாள்.

"சின்ன மாமா, பின்னாடி போயி அந்த ஓட்டையில மூஞ்சிய வெய்ங்க. போட்டோ எடுத்துருவோம்."

"என்ன ஆத்தா சொல்ற?"

"எல்லாரும் படத்துல இருக்காக. நீங்க ஒருத்தர்தான் உயிரோட இருப்பீக. சீக்கிரம் மாமா, எனக்குக் கல்யாணம் இருக்கு."

தம்பி பிளெக்ஸுக்குப் பின்னால் போனான். உயரம் போதவில்லை. பெரிய டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏற்றினோம். ஓட்டையில் அவன் முகம் வந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். போடிச் சொந்தக்காரர் மட்டும் தட்டவில்லை. பிளெக்ஸில் இருந்தவர் கண்ணைச் சிமிட்டியதைக் கண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். போட்டோகிராபர் முதல் படத்தில் கண் மூடியிருக்கிறது என்று இன்னொன்று எடுத்தார். விதிப்படி அதற்கும் இருநூறு உண்டு. நான் கேட்கவில்லை.

பத்தேகாலுக்குத் தம்பி உள்ளே போனான். மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெண்ணை மணையில் உட்காரவைத்தான். எங்கள் எல்லையான படியில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே கெட்டிமேளம் கேட்டது. தாலி ஏறியது. தங்கை முகம் தெளிந்திருந்தது. தம்பி மொய்யும் எழுதினான். பந்திக்கு அழைக்கத் தங்கை தேடியபோது ஆள் இல்லை. குமுளி பேருந்தில் ஏறி, கை நனைக்காமல் போய்விட்டிருந்தான்.

கட்டணத்தைக் கேட்டு மாஸ்டர் போனபோது தங்கை கணவர் பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தார். "எழுத்துல குடுத்தாத்தான் வேல முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. சின்ன மச்சான் சாப்புடாமப் போயிருக்காரு. கோவம் தீந்துச்சுன்னு எப்பிடிச் சொல்றது? எழுதி வாங்கிட்டு வாங்க."

"ஒங்க ரூலு, ஒங்க தம்பி" என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். அதன்பின் அந்தப் பணத்தை அவர் மறந்துவிட்டார். மறக்காதவள் தங்கை. மறுவீட்டு விருந்துக்கும் தம்பி வரவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த முறுக்குத் தூக்கு அவள் வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. "அவங் கோவம் இருக்கா, தீந்துச்சா, அத மட்டும் கேட்டுச் சொல்லுண்ணே. எனக்கு வேற ஒன்னும் வேண்டாம்" என்றாள்.

எனக்குத் தெரிந்த முறையில் கேட்டேன். முழுத்தாளில், அனுப்புநர், பெறுநர் போட்டு எழுதினேன். "பொருள்: தாய்மாமன் கோபம், தீர்ந்ததா எனத் தெரிவிக்கக் கோருதல். பார்வை: திருமண நாளன்று டீக்கடையில் நடந்த நேர்முகப் பேச்சு." பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவன் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வந்தது. பதில் வரவில்லை. மாசியில் ஒரு நினைவூட்டு, பங்குனியில் ஒன்று. அவற்றுக்கும் இல்லை.

சித்திரையில் போன் செய்தேன். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது, திராட்சை என்ன விலை போகிறது என்பதையெல்லாம் விரிவாகச் சொன்னான். நடுவில் நிறுத்தி, விஷயத்தைக் கேட்டேன்.

"லெட்டர்லதான கேட்டிருக்க? பதிலும் லெட்டர்லதான் வரும்."

"எப்ப வரும்?"

"பரிசீலனைல இருக்கு."

இந்தச் சொல்லை என் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். மறுமுனையில் இருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. தங்கையிடம் அப்படியே சொன்னேன். "அப்பிடின்னா என்னண்ணே?" என்று கேட்டாள். வைகாசியிலும் ஆனியிலும் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன. நிறையப் பேரைப் பேருந்து நிறுத்தங்களிலிருந்து அழைத்து வந்தேன். ஒவ்வொரு வாரமும் தங்கை போன் செய்து, "தபால் வந்துச்சாண்ணே?" என்பாள். இல்லை என்பேன். வைத்துவிடுவாள்.

கடைசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. கோபம் தீர்ந்தது என்றோ தீரவில்லை என்றோ அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. "அண்ணே, வர்ற ஞாயித்துக்கெழம அக்கா வீட்டுக்குச் சாப்புட வாரேன். கோழி வேண்டாம், ஆட்டுக்கறி எடுக்கச் சொல்லு. நீயும் வா, வாத்தியத்த வீட்ல வெச்சுட்டு வா" என்று மட்டும் எழுதியிருந்தான். நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அட்டை வந்து சேர்ந்தது ஆடிப் பதினெட்டு அன்று. அதையே பணி முடிந்த நாளாகக் குறித்துக்கொண்டேன்.